வெண்கலத்தின் வால்வு

காய்கறி மண்டியில் அவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட ஆள் கிடையாது. வெண்கலம் என்றால்தான் தெரியும். ஏலம் கூவுகிறவர். விடிந்தும் விடியாததுமாகத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், தெருக்கோடி டீக்கடையில் இருக்கிற வியாபாரி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான். மைக் வாங்கித் தருகிறோம் என்று மண்டிக்காரர்கள் சொன்னபோது, "மைக்கு பாவம்யா, தாங்காது" என்று மறுத்தவர். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். கால்சட்டை சுருக்குவது, ஜிப் மாற்றுவது, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சீருடைக்கு விளிம்பு பிரித்துவிடுவது என்று எந்நேரமும் கை ஓயாத வேலை. தெருவுக்கே அவள் தையலக்கா. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். கத்திரிக்கோலைக்கூடத் துடைக்காமல் கீழே வைக்கமாட்டாள். அவள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டு நல்ல பேரோடு திரும்பினவர்கள் யாரும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. இனி மூச்சு அந்த வழியாகத்தான். உள்ளே, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட சுவரில் சின்னதாக ஒரு துளை போட்டு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் தடிமனான சிலிக்கான் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மூச்சை விட்டால், காற்று அந்த வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அதை அதிரவைக்கும். அந்த அதிர்வுதான் இனிமேல் குரல். சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் வால்வின் மூடி மூடிக்கொள்ளும். எதுவும் மூச்சுக்குழாய்ப் பக்கம் வராது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண். வீட்டில் அவளைப் பேச்சு டாக்டர் என்று சொல்லிக்கொண்டார்கள். முதல் நாள், "ஏதாவது பேசுங்க ஐயா, மனசுல தோணுறதை" என்றாள். அவர் கட்டைவிரலை வைத்தார். தண்ணீரில் குடம் முங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சொல் வந்தது.

"அந்த ஃபேனை நிறுத்தும்மா. என் சத்தம் என் காதுலயே விழல."

தையலக்கா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். பழைய குரல் இல்லைதான். ஆனால் அந்த எரிச்சல் பழைய எரிச்சல். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் வால்வு நன்றாகவே உழைத்தது. காலையிலும் மாலையிலும் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, டார்ச் அடித்து, சின்ன பிரஷ்ஷால் வால்வைத் துடைப்பது அவள் வேலை. ஊசியில் நூல் கோத்துப் பழகின கை, நடுங்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் விரலை வைத்து, "ஆச்சா? சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு?" என்பார்.

இரண்டாவது வால்வில்தான் வினை ஆரம்பித்தது. மாட்டிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. தண்ணீர் குடித்தால் இருமல். அப்புறம் குரல் இறுகியது. மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும் பாதிச் சொல்தான் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பேச்சு டாக்டர் நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, கழுத்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். வால்வின் நடுவே நீலம் கசிந்துகொண்டிருந்தது.

கழற்றியெடுத்த வால்வை இடுக்கியில் பிடித்துக் காட்டினாள். மூடியின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக, சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டின மாதிரி என்னவோ அப்பியிருந்தது.

"இதனாலதான் மூடி சரியா மூடல. இது ஃபங்கஸ். பூஞ்சை."

"பழைய ரொட்டியில பிடிக்குமே, அதுவா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க."

தையலக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் ரெண்டு வேளையும் பிரஷ் போடுறேனே! என் வீட்டுல பூஞ்சையா?"

"உங்க தப்பு இல்லம்மா. சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது."

இந்தப் பதில் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் ஒரு கறை எப்படி வரும்? வீட்டுக்கு வந்ததும் முதல் பழி கொழுந்தன் தலையில் விழுந்தது. அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு அண்ணனைப் பார்க்க வருவார். வரும்போது கை சும்மா வராது.

"கண்ட கடையில ஜூஸ் வாங்கிக் குடுத்துக் குடுத்து நீங்கதான் இதைக் கொண்டாந்தீங்க" என்றாள்.

"அண்ணி, நானும்தானே அதைக் குடிக்கிறேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உங்களுக்கு என்ன ஆகும்? இரும்பைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு."

லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. வால்வில் இருந்தது இன்ன பூஞ்சை. இன்ன மருந்துக்கு அது சாகும். மருந்து எழுதிக்கொடுத்தார்கள். வாயில் ஊற்றிக் கொப்பளித்து விழுங்க வேண்டும். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தாள். ஜூஸ் நின்றது. இனிப்பு நின்றது. பிரஷ்ஷைக் கொதிக்கிற நீரில் போட்டெடுத்தாள். புது வால்வு மாட்டியாயிற்று. கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகியது. அதிலும் அதே வெள்ளை அப்பல்.

அக்காவுக்குத் தலை சுற்றியது. மருந்துக்கு அது சாகும் என்று லேப் சொல்கிறது. மருந்து கொடுத்தாயிற்று. அது சாகவில்லை. அப்படியானால் லேப் பொய்யா, மருந்து போலியா, இல்லை தான் கொடுத்த விதம் தப்பா? பேச்சு டாக்டரிடம் கேட்டாள். "எனக்கும் புரியலம்மா. லேப்ல இதைப் பத்தியே ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள்.

அந்த லேப் டாக்டர் கண்ணாடி போட்ட, வேகமாக நடக்கிற பெண்மணி. பேசும்போது பாதி வாக்கியத்திலேயே அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவாள். கழற்றின வால்வை வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கிறவர்கள் வாயிலிருந்தும் மாதிரி வேண்டும் என்று பஞ்சுக் குச்சியை நீட்டினாள். தையலக்கா வாயைத் திறந்தாள். கொழுந்தனும் திறந்தார். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எதைத்தான் கேட்டோம், இதைக் கேட்க?

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை. அக்கா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒரு கால்சட்டையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வால்வு மறுபடி ஒழுக ஆரம்பித்திருந்த நேரம். ஒரு வாய் குடித்தவருக்குக் குபீரென்று இருமல் கிளம்பியது. காபியும் சளியுமாகக் கழுத்து ஓட்டையிலிருந்து பீறிட்டு அவள் கன்னத்தில் அடித்தது. அவள் பதறி எழுந்து, அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். குழாயடியில் நிற்கும்போதே செல்போன் அடித்தது.

லேபிலிருந்து ஒரு உதவியாளன். அவசரத்தில் இருந்தான். "உங்க கொழுந்தன் வாயில ஒண்ணும் வளரலைம்மா. உங்க வாயில வளர்ந்திருக்கு. வால்வுல இருக்கிற அதே பூஞ்சைதான். டாக்டர் அப்புறம் பேசுவாங்க." வைத்துவிட்டான்.

ஈரக் கையோடு அக்கா அங்கேயே நின்றாள். ஓயாமல் பேசுகிற, கண்டதையெல்லாம் தின்கிற கொழுந்தன் வாயில் ஒன்றும் இல்லை. தன் வாயில். நாம் குடித்து வைத்த தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார். உப்பு பார்த்த கரண்டியிலேயே அவருக்கு ஊட்டியிருக்கிறோம், ஆபரேஷன் முடிந்த நாட்களில். பிரஷ் போடும்போது முகத்துக்கு முகம் வைத்து மூச்சு விட்டிருக்கிறோம். அப்படியென்றால் அவர் வால்வை அழுக்காக்கியது நாம்தான். துடைக்கத் துடைக்க நாமே அப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் செருப்போடு வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தினவள், கொழுந்தனை அத்தனை பேச்சு பேசினவள், 'என் வாய்தான் அசுத்தம்' என்று எப்படிச் சொல்வாள்? லேப் டாக்டர் பிறகு கூப்பிட்டபோதும் தெரியாத எண் போல எடுக்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாளே அவர் தட்டு தனி, டம்ளர் தனி ஆனது. துண்டு தனிக் கொடியில் தொங்கியது. அவள் தன் படுக்கையை மிஷின் இருக்கிற அறைக்கு மாற்றிக்கொண்டாள். அவர் பக்கத்தில் போக நேர்ந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையும் மாலையும் வால்வு துடைக்கிற வேலைக்குக் கொழுந்தனை வரச் சொன்னாள்.

"நானா? அண்ணி, எனக்கு வேன் கண்ணாடி துடைக்கவே வராது."

"கத்துக்குங்க."

கொழுந்தன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிரஷ்ஷை விளக்குமாறு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார். அடுப்படி வாசலில், வாயைப் பொத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனைவியைப் பார்த்தார். ஏன் என்று கேட்க முடியாது, வால்வு இறுகிக் கிடந்தது.

அடுத்த வாரம் புது வால்வு போட்டார்கள். நீலத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். ஒரு சொட்டுக் கசிவில்லை. "இப்போ பேசுங்க ஐயா" என்றாள் பேச்சு டாக்டர். அவர் விரலைத் தூக்கினார். கழுத்துவரை கொண்டுபோனார். இறக்கிவிட்டார். தலையை ஆட்டினார்.

"வரலையா?"

மறுபடி தலையாட்டல்.

அன்றைக்கு ஆரம்பித்த குழப்பத்துக்கு எல்லையே இல்லாமல் போனது. வால்வு சுத்தமாக இருக்கிறது, குரல் இல்லை. பேச்சு டாக்டர் வேறு அளவில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பெரிய டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். உணவுக்குழாய் நன்றாகத்தான் இருந்தது. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று அவர் சொன்ன தொனி அக்காவுக்குச் சரியாகப் படவில்லை. பழைய நோய் திரும்பிவிட்டதோ? இல்லை, தன் வாயிலிருந்து போன அந்தச் சனியன் வால்வோடு நிற்காமல் உள்ளுக்குள் எங்கேயோ இறங்கிவிட்டதோ? ஸ்கேன் முடிவு வரும்வரை அவள் தைத்த துணியெல்லாம் கோணல். ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் குழப்பம் இன்னும் கூடியது. நோய் இல்லை, அடைப்பு இல்லை, கசிவு இல்லை. அப்புறம் மனிதர் ஏன் பேசவில்லை?

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். கொழுந்தன் வந்து மண்டிக் கதை சொன்னால் கேட்டுக்கொண்டார். சிரிப்பு வருகிற இடத்தில் உதடு அசைந்தது. அக்கா தட்டை வைத்துவிட்டு விலகும்போது மட்டும் அவர் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். கோபம் என்று அவள் நினைத்தாள். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தாள். தெரிந்திருக்கும், லேபில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்த நிலையில்தான் பேச்சு டாக்டர் இரண்டு பேரையும் வரச் சொன்னாள். "லேப் டாக்டரும் இருப்பாங்க. நீங்க ஃபோன் எடுக்கவே மாட்டேங்கறீங்களாம். முடிவெல்லாம் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

லேப் என்பது நீளமான, குளிர்ந்த அறை. மேஜை மேல் நுண்ணோக்கிகள், ஓரத்தில் முனகிக்கொண்டே இருக்கிற ஒரு ஃபிரிட்ஜ். அவரைக் கதவருகே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, லேப் டாக்டர் அக்காவை உள்ளே மேஜைக்குக் கூட்டிப்போனாள். ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

"வால்வு செய்யிற அதே சிலிக்கானை நறுக்கி இதுல போட்டு, மேல பூஞ்சையை வளர விட்டோம். அப்புறம் கழுவிட்டு ஊதாச் சாயம் ஊத்தினோம். ஒட்டிக்கிட்டு இருக்கிறதுல மட்டும்தான் சாயம் ஏறும். பாருங்க."

ஒரு வரிசை கருநாவற்பழம் மாதிரி ஊதா. அடுத்த வரிசை ஏறக்குறைய வெறும் கண்ணாடி. துவைத்தும் போகாத பழைய மைக்கறை போல லேசாக ஒரு நிழல்.

"ஊதாவா இருக்கிறது உங்க வீட்டுக்காரர் வால்வுல இருந்து எடுத்தது. அது தனித்தனியா மிதக்கிறதில்ல. ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, தானே ஒரு பசையைக் கக்கி, அதுக்குள்ள படலமா உக்காந்துக்குது. ரிப்போர்ட் குடுக்கிறதுக்கு நாங்க அதைத் தண்ணியில மிதக்க விட்டு மருந்து போட்டுப் பாக்குறோம். செத்துடுது. வால்வுல அது படலமா இருக்கு. மருந்து மேலோட நின்னுடுது, உள்ள இருக்கிறது அசையறதில்ல. மேல இருக்கிறது செத்தாலும் அடியில இருந்து மறுபடி கிளம்பி வருது."

"அப்போ ரிப்போர்ட் பொய்யா?"

"பொய் இல்ல."

"மருந்து?"

"அதுவும் நிஜ மருந்துதான்."

"எல்லாம் நிஜம்னா எனக்கு மட்டும் ஏன் டாக்டர் தலை சுத்துது?"

லேப் டாக்டர் சிரித்துவிட்டாள். "எனக்கும்தான் சுத்துது. இந்த ரெண்டாவது வரிசை இருக்கே, அது உங்க வாயில இருந்து எடுத்தது…"

அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அப்படியே உடைந்துகொண்டு வந்தது.

"தெரியும் டாக்டர். ஃபோன்ல சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு. என் வாயில இருந்துதானே அவருக்குப் போச்சு? நான்தானே கெடுத்தேன்? அன்னிக்கே தட்டை மாத்திட்டேன், டம்ளரை மாத்திட்டேன். பக்கத்துல படுக்கிறதில்ல. மூச்சுகூட அவர் மேல படாம வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நடமாடுறேன். இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன். அவர் பேசினா போதும்."

லேப் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, ஈரமாக, அடிவயிற்றிலிருந்து.

"அதுக்காடி தட்டை மாத்தினே?"

திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரல் கழுத்தில் அழுந்தியிருந்தது.

"மூஞ்சியில காபி அடிச்சுது. நீ எழுந்து ஓடினே. மறுநாள் தட்டு வேற, படுக்கை வேற." மூச்சு வாங்க விரலை எடுத்தார், மறுபடி வைத்தார். "என்னைக் கண்டா உனக்குக் குமட்டுதுன்னு நெனச்சேன். இந்த ஓட்டையும், இந்தச் சத்தமும். வாயைத் திறந்தா நீ இன்னும் தள்ளிப் போயிடுவியோன்னு…"

"ஐயோ, லூசாங்க நீங்க?"

"நானா லூசு? வாய்ல துணியை வச்சுப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சது யாரு?"

பேச்சு டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். "ஸ்கேன் வரைக்கும் போனோமே ஐயா! கேமராவெல்லாம் விட்டோமே!"

"நீங்க வரலையான்னு கேட்டீங்க. நான் தலையாட்டினேன். வராம இல்ல. பேச மனசு வரல."

அக்காவுக்கு அழுகையா, கோபமா, என்னவென்றே தெரியவில்லை. மூன்றடி தள்ளி நின்றபடியே இருந்தாள். கிட்டப் போகலாமா கூடாதா என்று இன்னும் தீர்மானமாகவில்லை. அதை லேப் டாக்டர் கவனித்துவிட்டாள்.

"முதல்ல நான் சொல்ல வந்ததைக் கேளுங்கம்மா. பாதியில குறுக்க வந்துட்டீங்க. ரெண்டும் ஒரே இனம்தான். ஆனா ஒரே குடும்பம் இல்ல. மரபணு வரைக்கும் பிரிச்சுப் பாத்தாச்சு. உங்களோடது அவருக்குப் போகல, அவரோடது உங்களுக்கு வரல. இந்தப் பூஞ்சை எத்தனையோ பேர் வாயில சும்மா கிடக்கு. உங்களோடதுக்குச் சிலிக்கான்ல ஒட்டவே தெரியல. சாயம்கூட ஏறல பாருங்க."

அக்கா அந்த வெளிறின குழிகளை மறுபடி குனிந்து பார்த்தாள். தன் வாயில் இருப்பது அத்தனை சாதுவாக இருப்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அது நிலைக்கவில்லை.

"ஆனா ஒரு விஷயம் எனக்கே பிடிபடல" என்றாள் லேப் டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "தேன்மெழுகுல வளர்ற ஒரு புழு இருக்கு. எந்தப் பூஞ்சை எவ்வளவு கொடியதுன்னு பாக்க அதுக்குள்ள ஊசி போட்டுப் பாப்போம். நல்லா படலம் கட்டுறதுதான் ரொம்பக் கொடியதா இருக்கும்னு நெனச்சேன். ஆராய்ச்சிக் கட்டுரையில அப்படித்தான் எழுதவும் போறதா இருந்தேன். கடைசியில பாத்தா, உங்க வீட்டுக்காரரோடது போட்ட புழுக்கள் பெரும்பாலும் நெளிஞ்சுக்கிட்டு இருக்கு. உங்களோடது போட்டது கறுத்துப்போய்ச் செத்துக் கிடக்கு. திரும்பத் திரும்பச் செஞ்சும் அதேதான்."

அப்புறம் அவர் விரலை வைத்தார்.

"டாக்டர், இதுக்கு நீங்க புழுவைக் கொன்னிருக்க வேணாம். என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். கலியாணம் ஆன நாள்லேருந்து இந்த வாயோட குடித்தனம் பண்றேன்."

பேச்சு டாக்டர் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா அவரை முறைத்தாள். பிறகு பயந்துபோய் லேப் டாக்டரிடம் திரும்பினாள். "அத்தனை விஷம்னா நான் எப்படி உயிரோட இருக்கேன்?"

"உடம்பு அதைக் கட்டி வச்சிருக்கு. புழுவுக்கு அந்தக் கட்டுக்காவல் உங்க அளவுக்கு இல்ல. உடம்பு ரொம்பத் தளர்ந்தா, ரத்தத்துல கலந்தா, அப்போதான் ஆபத்து. இப்போ பயப்பட ஒண்ணுமில்ல. வாய் கொப்பளிங்க, பல் தேயுங்க, மத்தவங்க மாதிரி இருங்க."

"ஒட்டுறது கொல்லாது. கொல்றது ஒட்டாது. அப்படித்தானே?"

"இந்த ரெண்டுக்கும் அப்படி. எல்லாத்துக்கும் அப்படியான்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. வேற வேற இடத்துல வேற வேற மாதிரி வருது."

படித்தவளே தெரியாது என்று சொன்னது அக்காவுக்கு ஏனோ மருந்தாக இருந்தது. மூன்றடியைக் கடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கழுத்து ஓட்டையைச் சுற்றியிருந்த ஈரத்தை ஒற்றினாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் கொழுந்தனிடமிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கியது. "ஒரு வழியா விடுதலை" என்று அவர் கும்பிட்டார். படுக்கை பழைய இடத்துக்கு வந்தது. தட்டு மட்டும் தனியாகவே இருந்தது. அவருக்கு அந்தப் புதுத் தட்டு பிடித்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தார்கள். படலம் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காத மூடி வைத்த வேறு மாதிரி வால்வு ஒன்றைப் போட்டார்கள். பிரஷ் போட்டு மேலே இருப்பதைச் சுரண்டி எடுத்த பிறகே மருந்தை வால்விலேயே தடவச் சொன்னார்கள். சாப்பிட்ட கையோடு படுக்கக் கூடாது என்றார்கள். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறினாலும் வால்வு சீக்கிரம் கெடுமாம். அந்த மூன்றாவதுக்குத்தான் அவர் சண்டை பிடித்தார். சாப்பிட்டுவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே, சாப்பாட்டில் என்ன குறை என்று எடுத்துச் சொல்வார். அக்கா மிஷினை வேகமாக மிதித்து அந்தச் சத்தத்தில் கேட்காதது போல இருப்பாள்.

அந்த வால்வு முன்பு இருந்தவற்றையெல்லாம்விட நெடுநாள் உழைத்தது. கடைசியில் அதுவும் ஒழுகத்தான் செய்தது. மாற்றப் போன அன்று லேப் டாக்டர் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டாள். கழற்றின வால்வை ஆசையாக வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்பக் கம்மியாத்தான் படிஞ்சிருக்கு."

"எதனால டாக்டர்? புது மூடியாலயா, மருந்து தடவினதாலயா, இவரை நடக்கவிட்டதாலயா?"

"மூணையும் ஒரே நேரத்துல செஞ்சுட்டோமே. எதுன்னு இப்போ எப்படிச் சொல்றது? ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"நிறுத்த வேணாம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அவர் விரலை வைக்க மறந்துவிட்டதால் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. அவர் உதடு அசைந்தது.

"உங்களோட அந்த இன்னொரு கணக்கு என்ன ஆச்சு? என் வாயில இருக்கிறது?" அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னும் புரியலம்மா. இன்னொரு தடவை மாதிரி எடுக்கணும். வாயைத் திறக்கறீங்களா?"

அக்கா இந்த முறை முதலில் எதற்கு என்று கேட்டாள். அதை எங்கே வளர்ப்பீர்கள், என்ன பார்ப்பீர்கள், முடிவு வந்தால் யார் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாததை மறுபடி கேட்டாள். லேப் டாக்டர் தாழ்வாரத்துச் சுவரில் பேனாவால் படம் போடுகிற அளவுக்குப் போய்விட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், புது வால்வு மாட்டியிருந்த கழுத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"பஸ் போயிடும்" என்றார். அடுத்த அறையிலிருந்த நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.